தட்டு முதலில், ஊசி பிறகு

ஊசியைப் போட்டாயிற்று. போட்டதை உறிஞ்சித் திரும்ப எடுக்க முடியாது. சற்று முன்புவரை என் கையிலிருந்த மருந்து இப்போது சென்னியப்பன் அய்யாவின் வயிற்றுத் தோலுக்கு அடியில் இருக்கிறது. அது அங்கே சும்மா உட்கார்ந்திருக்காது, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைத் தேடிப் புறப்பட்டிருக்கும், கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டே போகும், போதும் என்று சொன்னால் கேட்காது. அதற்குக் காது இல்லை. இந்த மனுசனுக்கும் இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்கு வந்துவிட்டார், துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டார், ஒரு இட்லியைப் பிட்டு மதில் சுவர்மேல் வைத்துவிட்டு "கா... கா..." என்று கூப்பிடுகிறார். தட்டு முதலில், ஊசி பிறகு. இந்த முதியோர் இல்லத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான், நான் அதன்படிதான் செய்தேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், நல்ல அளவு. தட்டு மேசைக்கு வந்தது, மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, ஆவி பறந்தது, கண்ணால் பார்த்தேன், பார்த்த பிறகுதான் பேனா ஊசியின் திருகைத் திருப்பி அளவு வைத்தேன். தட்டு வந்தால் ஆள் சாப்பிடுவார் என்றுதான் சொல்லிக்கொடுத்தவர்கள் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். தட்டு வந்தும் எழுந்து போகிற ஆளை யார் நினைப்பார்கள். "ஏனுங்கய்யா, எங்கீங்க போறீங்க, உக்காந்து சாப்புடுங்க" என்று பின்னாலேயே ஓடி வந்தேன். "இன்னைக்கு அமாவாசை அம்மிணி. வள்ளாத்தாளுக்கு வெச்சுட்டுத்தான் மத்தது" என்றார். வள்ளாத்தாள் அவருடைய சம்சாரம், செத்துப்போனவர். "அதை ஊசிக்கு முன்னால சொல்லக்கூடாதுங்களா?" "சொன்னா நீ ஊசிய நிறுத்திப்புடுவ, பொறவு சிஸ்டரு வந்து குதிப்பா. ஊசி பாட்டுக்கு ஊசி, காக்கா பாட்டுக்குக் காக்கா. இப்ப வந்துரும், நீ போய் வேலையப் பாரு." என் வேலை நீங்கள்தானே அய்யா. மதில்மேல் இருக்கிற இட்லியைப் பார்த்தேன். அதில் ஈ உட்கார்ந்தது.

போன அமாவாசைக்கு இவர் என்ன செய்தார்? நினைவு வரவில்லை. வராது, அப்போது ஊசி என் கையில் இல்லை. அப்போதெல்லாம் ஸ்டெல்லா சிஸ்டர் வந்துதான் எல்லோருக்கும் போடுவார். இருக்கிறது ஒரே நர்சு, டவுனிலிருந்து பஸ்ஸில் வருவார், பஸ் வந்தால்தான் ஊசி, ஊசி போட்டால்தான் பலகாரம். சர்க்கரைக்காரர்கள் எல்லாம் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சிலருக்குப் பசியில் அழுகையே வந்துவிடும். அந்த நேரத்தில் இவர் மட்டும் இருக்கமாட்டார். பொடக்காலிக்குப் போயிருக்கிறார் என்று சொல்வார்கள், வயிறு சரியில்லை போல என்று நினைத்துக்கொள்வோம். இப்போதல்லவா புரிகிறது. சமையல்கட்டில் ஒரு இட்லியைக் கேட்டு வாங்கி வைத்திருப்பார், சிஸ்டர் வருவதற்குள் காக்கை வந்து போயிருக்கும், இவர் வந்து உட்கார்ந்திருப்பார், ஊசி, இட்லி, எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். பஸ் தாமதமாக வந்தது இவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கிறது. பெரியவர்களைப் பசியோடு காக்கவைக்க வேண்டாம் என்றுதான் டாக்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஊசியைக் கையில் கொடுத்தார், நல்லதற்குத்தான் கொடுத்தார். ஆயா வேலை பார்க்கிற நாங்கள் மூன்று பேர். எனக்கு அந்தப் பேனாவில் எழுதியிருக்கிற இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும், கலர் தெரியும், யாருக்கு எது என்று தெரியும். ஏழாவதோடு பஞ்சு மில்லுக்குப் போனவள். வீட்டில் கத்தரிக்காயை வைத்துப் பழகினேன், பிஞ்சுக் கத்தரிக்காய்க்கும் முற்றலுக்கும் கை எப்படி மாறுகிறது என்று. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, கத்தரிக்காய்க்கும் சர்க்கரை வந்துருச்சா, கொளம்புல போட்டா எனக்கு மயக்கம் வருமா?" என்று சிரித்தார். தண்ணீர்தான் ஏற்றினேன் என்று சொன்னாலும் அன்றைக்குக் கத்தரிக்காயை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார். அய்யாவுடைய மகள் சிரிக்கவில்லை. சென்னையில் பேங்கில் இருக்கிறவர், பார்க்க வந்தபோது என் கையில் பேனாவைப் பார்த்துவிட்டு டாக்டரிடம், "கூட்டறவங்க எல்லாம் ஊசி போடறாங்களா இங்க?" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர் நிதானமாக என்னவெல்லாமோ சொன்னார், அவரும் கடைசியில் சரி என்றார், ஆனால் அந்த வார்த்தை மட்டும் என் காலில் தைத்த நெருஞ்சி முள் மாதிரி இருக்கிறது, நடக்காதபோது வலிக்காது, காலை ஊன்றினால் வலிக்கும். கூட்டறவங்க. கூட்டுகிறேன்தான், கூட்டாமல் இந்த இடம் தன்னால் சுத்தமாகிறதா. ஆனால் இன்றைக்கு இந்த மனுசன் இங்கேயே சாய்ந்தால் அந்த வார்த்தைதான் முதலில் எழுந்து நிற்கும். டாக்டர் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார். என்னிடமிருந்து மட்டுமா, மூன்று பேரிடமிருந்தும். கூடத்தில் மறுபடியும் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. இந்த மனுசன் சாய்ந்தால், சாய்ந்தால். அதற்கு மேல் நினைக்க வரவில்லை, நினைப்பு அந்த இடத்திலேயே சுற்றுகிறது.

சிஸ்டருக்குப் போன் அடித்தேன். பஸ் ரயில்வே கேட்டில் நிற்கிறதாம், பின்னால் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். "ஊசி போட்டுட்டு காக்காயா? துளசிமணி, என்ன சொல்ற நீ? குளுக்கோஸ் கலக்கிக் குடு, இப்பவே குடு, வாங்கமாட்டேன்னா விடாத. நான் டாக்டருக்குச் சொல்றேன்" என்றார். விடாத என்று சொல்வது சுலபம். டம்ளரில் கலக்கினேன், அவசரத்தில் பாதித் தூள் கீழே கொட்டியது, எறும்புக்கு ஆயிற்று. "அய்யா, இது சோறில்லீங்க, தண்ணிதானுங்க, ஒரே ஒரு மடக்கு." "பல்லுல தண்ணி படக்கூடாதுன்னா படக்கூடாது." "உங்களுக்கு மயக்கம் வந்துருமுங்க." "எனக்கா? மில்லுல மூணு சிப்டு நின்னவன் நானு." ஜன்னலிலிருந்து சமையல் பழனாத்தா அக்கா எட்டிப் பார்த்தாள். கூடத்தில் மற்றவர்களுக்கு ஊட்டிவிட ஆள் போதாமல் அவளும் ஓடிக்கொண்டிருந்தாள், கையில் கரண்டி. "இன்னுமா வரல? காக்காய்க்கே இன்னைக்கு லீவு போல. அய்யா, பக்கத்து ஊட்டுச் சேவலக் கூப்புடட்டுங்களா, அதுவும் றெக்க உள்ளதுதான்?" "போடி, உன்ற இட்லியப் பாத்துட்டுத்தான் காக்கா வரமாட்டீங்குது" என்றார் அவர். சிரித்தார்கள். சிரிக்கிறாரே, சிரித்தால் நல்லது, சிரிக்கிற வரைக்கும் மூளைக்குச் சர்க்கரை போகிறது என்று அர்த்தம். முதலில் வேர்க்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், பிறகு கை நடுங்கும், பிறகு கோபம் வரும், பிறகு பேச்சு குழறும், பிறகு ஆளைத் தெரியாது. மேல் உதட்டைப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது. அந்தப் பக்கம் முருங்கை மரத்திலிருந்து ஒரு அணில் இறங்கி மதில்மேல் ஓடி வந்து இட்லியை மோந்து பார்த்தது. "அய்யா, அணிலு எடுத்தா ஆகுமுங்களா?" "வள்ளாத்தாளுக்குக் கோடு போட்ட சீலையே புடிக்காது" என்று சொல்லிவிட்டுக் கல்லில் தட்டி அதை விரட்டிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. "ஏனுங்கய்யா இப்படிப் பண்றீங்க, அம்மாவே இருந்தாலும் முதல்ல நீங்க சாப்புடுங்கன்னுதானே சொல்லுவாங்க?" என்றேன். அப்போதுதான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவ பட்டினியாப் போனா, தெரியுமா உனக்கு? ஆப்பரேசன்னு வெறும் வயித்தோட போட்டு வெச்சிருந்தாங்க. ஒரு வாய் இட்லி குடுங்கன்னா. டவுன்ல சின்ன ஆஸ்பத்திரி, அங்கிருந்த நர்சம்மா ஒண்ணும் குடுக்காதீங்கன்னு சொல்லியிருந்தா. நானும் சட்டமாப் புடிச்சுக்கிட்டுக் குடுக்கல. ஆப்பரேசனுக்குக் கொண்டுபோறதுக்குள்ளயே முடிஞ்சுருச்சு. இட்லி பொட்டலம் என்ற மடியில இருக்குது, அவ அங்க கெடக்கறா. ஊசி போடறவங்க பேச்சை ஒருக்கா கேட்டுட்டேன் அம்மிணி, அது போதும்." நான் ஊசி போடுகிறவள். டம்ளரைக் கீழே வைத்தேன், மறுபடியும் எடுத்தேன்.

காக்கை ஏன் வரவில்லை. எப்போதும் இந்த மதிலில் காக்கை உட்கார்ந்துதானே இருக்கும், பாத்திரம் கழுவ வந்தால் சோற்றுப் பருக்கைக்குக் காலடியிலேயே வந்து நிற்கும், பழனாத்தா அக்கா துடைப்பத்தை எடுத்து அடிப்பாள், சனியனுங்க, நிம்மதியா ஒரு வடகம் காயவைக்க முடியல என்பாள். வடகம். வெயிலில் வைத்த வடகம். அந்த வார்த்தை வந்ததும் நான் மெதுவாக, பார்க்கப் பயந்துகொண்டே, முருங்கை மரத்தைப் பார்த்தேன். கிளையில் கறுப்பாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு பாலிதீன் கவர், இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி கிழித்து, நடுவில் துணியை வைத்துச் சுருட்டி, தலைகீழாகக் கட்டியது. செத்த காக்கை மாதிரியே இருக்கட்டும், அதைப் பார்த்தால் மற்றது வடகத்துக்கு வராது என்று கட்டியது. காற்றுக்கு ஆடியது. கட்டியவள் நான்தான். நேற்று மத்தியானம், பழனாத்தா அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு "இன்னுங் கொஞ்சம் மேல, கால் தெரியற மாதிரி கட்டு" என்று சொல்லிச் சொல்லிக் காட்ட, நான் ஒரு குச்சியை வைத்து அதற்குக் காலெல்லாம் செய்தேன், நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோசப்பட்டேன். மத்தியானத்திலிருந்து ஒரு காக்கை இந்தப் பக்கம் இல்லை. நான் ஊசியும் போட்டேன், காக்கையையும் விரட்டினேன். இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், சென்னையிலிருக்கிற மகள் நம்பமாட்டார், கூட்டறவங்க, கூட்டறவங்க. அய்யாவைத் தனியாக விட்டுவிட்டு மரத்துக்குப் போகலாமா, விட்டால் அந்த நேரத்தில் சாய்ந்துவிட்டால், கல்லில் தலை பட்டால். ஏணி உள்ளே இருக்கிறது. ஏணி வேண்டாம். டம்ளரைக் கல்லோரம் வைத்துவிட்டுத் துணி உலர்த்துகிற கொடிக்கம்பை உருவி எடுத்தேன், ஓடினேன், முருங்கை ஒடிகிற மரம், ஒரே இழுப்பில் கிளையோடு கவர் கீழே விழுந்தது, பூவெல்லாம் என் தலைமேல் கொட்டியது. கவரைக் காலால் உரச் சாக்குக்குப் பின்னால் தள்ளினேன். திரும்பி வந்து டம்ளரைக் கையில் எடுத்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் "கா" என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். அதுதான் பயமாக இருந்தது. கவரை எடுத்துவிட்டேன், இனி வா, வந்து எடுத்துக்கொண்டு போ. காக்கைக்கு என்ன தெரியும், நேற்றிலிருந்து பயந்து போயிருக்கிறது, ஒரு கவரை எடுத்தவுடன் நம்பி வந்துவிடுமா. நானே யாரையும் அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டேன்.

மேல் உதட்டில் முத்து முத்தாக வேர்வை. நெற்றியிலும். காலை வெயில் இன்னும் பொடக்காலிக்கு வரவே இல்லை, நிழலில் உட்கார்ந்திருக்கிற மனுசனுக்கு வேர்வை சொட்டுகிறது. மடியில் இருந்த தட்டு கடகடவென்று ஆடியது, அவர் கை ஆடியது. நேற்று ராத்திரி சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டார், அமாவாசைக்கு முதல் நாள் என்று அதையும் குறைத்திருப்பார், கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. "அய்யா" என்றேன். "என்ன அய்யா அய்யான்னு, கூப்புட்டுட்டே கெடக்கற, போ அக்கட்டால!" என்று கத்தினார். இவர் கத்துகிற ஆள் இல்லை. கோபம் மூன்றாவது. வேர்வை, நடுக்கம், கோபம். அடுத்தது குழறல், அதற்கும் அடுத்ததற்குப் போய்விட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஊற்றினால் நெஞ்சில் இறங்கிவிடும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், அதற்கு முன்னால் கொடுத்தாக வேண்டும், அந்த முன்னால் என்பது இப்போதுதான், அந்த வாய் பூட்டிக்கிடக்கிறது. பிடித்து வலுவில் ஊற்றலாமா. பழனாத்தா அக்காளைக் கூப்பிட்டுக் கையைப் பிடிக்கச் சொல்லலாம், நான் தாடையை அமுக்கலாம். குழந்தைக்குச் செய்திருக்கிறேன். ஆனால் இவர் துப்புவார், புரையேறும், ஏறாவிட்டாலும் பிழைத்த பிறகு இவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன். ஒரு தடவை நர்சம்மா பேச்சைக் கேட்டு அவளைப் பட்டினி போட்டேன், இன்னொரு தடவை ஒரு கூட்டறவ என் வாயைக் கிழித்து அவளுக்குப் போகிறதுக்கு முன்னால் தின்னவைத்தாள் என்றுதானே இருப்பார் மிச்சக் காலத்துக்கும். தின்னவைத்தால் உயிரோடு இருப்பார், அது போதாதா. போதும். போதாது. சமையல்கட்டில் குக்கர் கத்தியது. அவர் குனிந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்தித் துடைத்தார், நடுங்குகிற கைக்குத் துண்டு வசப்படவில்லை, முகத்தை அதற்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். மதில்மேல் இட்லி. ஒரு கையில் டம்ளர், ஒரு கை சும்மா இருக்கிறது. நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கை போனது, எடுத்தது, அப்புறம்தான் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தால் கண்ணில் படும், முந்தானை ஒரு கைக்கு அகப்படவில்லை, அவர் தலை நிமிர்கிறது. வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் மதிலைப் பார்த்தார். வெறும் மதில். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார், கண்ணில் ஏதோ படலம் விழுந்த மாதிரி. "எடு... எடுத்துருச்சா?" நாக்கு தடித்திருந்தது. நான் தலையை ஆட்டினேன். "எந்தப் பக்கம் போச்சு?" பேசினால் வாயிலிருப்பது தெரியும். கையை நீட்டினேன், எந்தப் பக்கம் நீட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் என் கையைத் தொடர்ந்து பார்த்துவிட்டு, "தெக்கால... அங்கதான் வெச்சு எரிச்சோம்" என்றார். என்றவர் வாயைத் திறந்தார், குழந்தை மாதிரி, சொல்லாமலே. டம்ளரை உதட்டில் வைத்தேன். ஒரு மடக்கு, விழுங்கட்டும், தொண்டை அசைகிறதா, அசைந்தது, இன்னொரு மடக்கு. கொஞ்சம் தாடையில் வழிந்தது, துண்டால் ஒற்றினேன். டம்ளர் காலியானது. இட்லியைச் சின்னதாகப் பிட்டு, சட்னி தொடாமல், ஒவ்வொன்றாக ஊட்டினேன், மென்றார், விழுங்கினார், என் தொண்டையும் கூடவே விழுங்கப் போனது, நிறுத்திக்கொண்டேன். என் வாயில் இருப்பது எனக்கு வைத்தது இல்லை. கன்னத்தில் ஒதுக்கினேன், கரைந்து அண்ணத்தில் ஒட்டியது, காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை, வாயில் நீர் ஊறுகிறது, ஊறக்கூடாது என்றால் கேட்குமா. துப்பவும் முடியவில்லை, துப்பினால் யாரைத் துப்புகிறேன். வேர்வை நின்றது. கை நடுக்கம் மெல்ல அடங்கியது. விரலில் குத்திப் பார்த்தேன், எண் ஏறத் தொடங்கியிருந்தது, ஆனால் முழுசாக நம்பவில்லை, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் குத்த வேண்டும். "ஏம்மிணி, வாயே தொறக்க மாட்டீங்கற? நான் ரொம்பப் பேசிப்புட்டனா?" என்றார். குரல் பழையபடி ஆகியிருந்தது. இல்லையென்று தலையை ஆட்டினேன். "உன்ற தலையில என்ன முருங்கப்பூ?" அதற்கும் ஆட்டினேன். அப்போது ஒரு காக்கை, எங்கிருந்தோ, மதிலின் அந்தக் கோடியில் வந்து உட்கார்ந்தது, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துக் கத்தியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைப் பார்த்தார். தட்டில் மிச்சமிருந்ததில் ஒரு துண்டைப் பிட்டு மதில்மேல் வைத்தார். "இது வேற யாருக்கோ. வள்ளாத்தா ஒருக்கா வாங்குனா மறுக்கா வாங்கறவ இல்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த கடைசி வாயைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கூடத்தில் செருப்புச் சத்தம். ஸ்டெல்லா சிஸ்டர் மூச்சு வாங்க வந்து கதவில் கைவைத்து நின்றார். "துளசிமணி! குடிச்சாரா? சாப்பிட்டாரா? என்ன ஆச்சு?" அய்யா என்னைப் பார்க்காமல் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம், சாப்பிட்டார், எல்லாம் சரி என்று. பேனா என்னிடமே இருக்கும், ராத்திரி ஊசிக்கு நானே போவேன், அப்புறம் இன்னொரு நாள் யாருக்கோ ஒரு அமாவாசையில், ஒரு கிருத்திகையில், ஒரு நோன்பில், தட்டு வரும், ஊசி போகும், ஆள் எழுந்து போவார். வாயைத் திறக்க வேண்டுமானால் முதலில் இதை விழுங்க வேண்டும். வள்ளாத்தா அம்மா, மன்னிச்சுக்கங்க. விழுங்கினேன். தொண்டையில் ஒரு நொடி நின்று இறங்கியது. "சிஸ்டர்" என்றேன், "மொதல்ல அந்த மரத்துல நான் கட்டுனதைப் பத்திச் சொல்லோணுமுங்க."